யூபா ஆற்றின் வழியே பாதரசம்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், டோனர் கணவாயை ஒட்டிய உயரங்களில் பிறக்கும் தென் யூபா ஆறு, ஆழ்ந்த பள்ளத்தாக்கின் வழியே மேற்கு நோக்கி இறங்கி, ஹம்பக் ஓடையின் மூலம் மாலகாஃப் பொற்சுரங்கக் குழியின் வண்டலைப் பெறுகிறது. பெருங்குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி மலைச்சரிவையே கரைக்கும் முறை, 1853இல் நெவாடா சிட்டி அருகே தொடங்கியது. கரைந்த சரளைச் சேறு, அடியில் குறுக்குக் கட்டைகள் பதித்த நீண்ட மரக்கால்வாய்களில் விடப்பட்டது. கட்டைகளின் இடுக்கில் ஊற்றிய பாதரசம் பொன்துகளைப் பற்றி 'இரசக்கலவை' என்னும் களிம்பாக, அதைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாகப் பிரித்துப் பொன்னை எடுத்தனர். சான் ஹோசேயை அடுத்த நியூ அல்மேடன் போன்ற சுரங்கங்களிலிருந்து, ஏறத்தாழ 34 கிலோ கொள்ளும் இரும்புக் குடுவைகளில் பாதரசம் வந்தது. தண்ணீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியுடையதாயினும், உருளும் கற்கள் மோதி நுண்துளிகளாகச் சிதறியபின் அது சேற்றோடு அடித்துச் செல்லப்பட்டது. நீர்ப்பீச்சுச் சுரங்கங்கள் உட்பட, கலிபோர்னியாவில் வண்டற்படிவுகளிலிருந்து பொன் எடுத்த சுரங்கங்கள் எல்லாம் இவ்வாறு இழந்தது ஏறத்தாழ 4,500 டன் என்பது அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் தரும் மதிப்பீடு.

பள்ளத்தாக்கு முடியுமிடத்தில், சுரங்கக் கழிவைத் தடுப்பதற்கென்றே 1941இல் கட்டிமுடிக்கப்பட்ட எங்கிள்பிரைட் அணை நிற்கிறது; பெருமளவு வண்டல் அங்கே தேங்கினாலும், அதற்கு முன்பே சமவெளிக்கு இறங்கிவிட்ட மண்ணை அணை என்ன செய்ய இயலும்? மேரிஸ்வில் நகரருகே ஆற்றுப்படுகை தெருக்களின் மட்டத்துக்கு மேல் உயர்ந்தது, விளைநிலங்கள் புதைந்தன. உழவர் தரப்பு தொடுத்த வழக்கில் நீதிபதி லொரென்சோ சாயர் 1884 ஜனவரியில் விதித்த தடை, ஆற்றில் கழிவு கொட்டுவதை நிறுத்தியது. எனினும் அவ்வழக்கு எடைபோட்டது கல்லையும் மண்ணையுமே. பாதரசம் அதன் கணக்கில் வரவில்லை. தீர்ப்புக்கு முன்பே படிந்த கரைமேடுகளை வெள்ளம் இன்றும் அரித்துக்கொண்டிருப்பதால், பழைய வண்டல் ஃபெதர் ஆற்றிலும், பின்னர் சாக்ரமெண்டோ ஆற்றிலும் கலந்து, யோலோ வெள்ளவடிகாலின் ஈரநிலங்களில் பரவுகிறது.

அங்கேதான் கேடு முற்றுகிறது. பிராணவாயு குன்றிய சதுப்புச் சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள், பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக, அதாவது உயிர்த்திசுக்களில் எளிதில் தங்கி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் சேர்மமாக மாற்றுகின்றன. நுண்ணுயிர், சிறுமீன், பெருமீன் என உணவுச் சங்கிலியில் ஏற ஏற அதன் செறிவு பெருகுகிறது. சுரங்க மண்ணின் இப்பயணத்தை ஜி. கே. கில்பர்ட் 1917இல் வெளியிட்ட ஆய்வு சான் பிரான்சிஸ்கோ விரிகுடா வரை தொடர்ந்தது. அவ்விரிகுடாவில் பிடிபடும் சுறாவையும் வெள்ளை ஸ்டர்ஜன் மீனையும் கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களும் சிறுவர்களும் உண்ணலாகாது என்று மாநில அரசு எச்சரித்துள்ளது.