காத்திருக்கும் கூடம்

காத்திருத்தலையும் ஓர் ஒழுக்கமாக எண்ணியவர் தமிழர். தொல்காப்பியம் கூறும் உரிப்பொருள்கள் ஐந்தனுள் இருத்தலும் ஒன்று. உரையாசிரியர்கள் அதனை முல்லைத் திணைக்கு உரியதாகக் கொண்டனர். வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான் என்று தலைவி மனையில் ஆற்றியிருப்பாள். அவளுக்கு இல்லம் உண்டு, விளக்கு உண்டு, விரிச்சி கேட்டு வந்து நற்சொல் உரைக்கும் முதுபெண்டிர் உண்டு. வழியிடையில் காத்திருப்பவனுக்கு என்ன உண்டு? இவ்வினாவுக்குத் தமிழகம் திண்ணையையும் சாவடியையும் சத்திரத்தையும் விடையாகத் தந்தது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாளின் பெயரைத் தாங்கிய சத்திரம் அந்நகரின் புகைவண்டி நிலையத்துக்கு எதிரே நிற்கிறது. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி ஒரத்தநாட்டில் எழுப்பிய சத்திரம் இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்க்குச் சோறிட்டது. சத்திரத்தில் எவரும் பயணச்சீட்டுக் கேட்டதில்லை. சாதி கேட்டதுண்டு, உண்ணும் இடம் அதற்கேற்ப மாறியதும் உண்டு. பழமையைப் போற்றுவோர் இந்த இரண்டாம் செய்தியை விட்டுவிடுவது வழக்கம்.

விமான நிலையங்களில் இக்காலத்துச் சத்திரம் வேறு வடிவம் கொண்டது. 1939ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரின் லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'அட்மிரல்ஸ் கிளப்' என்னும் ஓய்வுக்கூடத்தைத் திறந்தது. விமான நிறுவனம் ஒன்று நடத்திய முதல் ஓய்வுக்கூடம் அதுவே என்பர். தொடக்கத்தில் அழைப்புப் பெற்ற பெருமக்களுக்கே அதன் கதவு திறந்தது. கட்டணம் செலுத்திய பிறர் உள்ளே வரப் பல ஆண்டுகள் ஆயின. இன்று உலகின் பெரிய விமான நிலையங்களில் எல்லாம் இத்தகைய கூடங்கள் உள்ளன. விமானத்தின் முன்புறத்தில் அமர்வோர் சிலரே. ஆயினும் நெடுந்தொலைவுப் பயணங்களில் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பங்கு அவர்களிடமிருந்தே வருகிறது. ஒரு விமானத்தில் வந்து இறங்கி, மறு விமானத்துக்காக மூன்று மணி நேரமோ நான்கு மணி நேரமோ அவர்கள் இருந்தாக வேண்டும். அந்த இடைவேளையில் அவர்கள் சலிப்புற்றால் அடுத்த முறை வேறு நிறுவனத்தை நாடுவர். ஆகவே மெத்தை நாற்காலியும் குளியலறையும் சுடுசோறும் இலவசம்போல் வைக்கப்படுகின்றன. விலை முன்னரே சீட்டில் அடங்கிவிட்டது.

பேராக் மாநிலத்துத் தமிழருக்கு 'முதல் வகுப்பு' என்னும் சொல் விமானத்துக்கு முன்பே அறிமுகமானது. அது கப்பலிலும் இரயிலிலும் எழுதப்பட்டிருந்த சொல். அவர்கள் நுழையாத பக்கத்தைக் காட்டிய சொல். 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அதன் முதல் வகுப்பு அறைகள் சில பத்துப் பேருக்கு உரியவை. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தவரோ, தொடக்க காலத்தில், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறத்தகும் அளவினர். ஒரு வாரக் கடற்பயணம் முடிந்தபின்னும் அவர்கள் ஊருக்குள் விடப்படவில்லை. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைக்கப்பட்டனர். அம்மை இல்லை, காலரா இல்லை என்று உறுதியான பிறகே தோட்டத்துக்கு ஆள் பிரித்தனர். கிழக்கே வந்த தமிழனின் முதல் ஓய்வுக்கூடம் அந்தத் தீவுதான் என்றால் மிகையாகாது.

தோட்டத்துக்கு வந்த பின்னரும் இதே பிரிவுதான். 1917இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ இரயில் நிலையத்தை மக்கள் தாஜ்மகால் என்பர். கட்டடக் கலைஞர் ஹப்பாக் வரைந்த அந்த வெள்ளை மாளிகையின் மாடியில் தங்குவிடுதி இருந்தது. ஈயச் சுரங்க முதலாளிகளும் தோட்டத்துரைகளும் அங்கே தங்கினர். மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கியவர் தகரப் பெட்டிமேல் அமர்ந்து வண்டி வரும் திசையைப் பார்த்திருந்தனர். அந்தக் கட்டடத்தின் அழகை அவர்கள் கண்டனரா என்பது ஐயமே.

இந்தப் பின்னணியில் நிகழ்ந்தது ஒரு சிறு செய்தி. ஆண்டு 2013. சுங்கை சிப்புட்டுக்கு அருகே முன்பு இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஒரு மூதாட்டி தம் மகனுடன் இலண்டனுக்குப் புறப்பட்டார். அவருக்கு எழுபத்தாறு வயது. மகன் பொறியாளர், அலுவல் நிமித்தம் ஓயாது பறப்பவர். அப்படிப் பறந்து சேர்த்த புள்ளிகளைக் கொடுத்துத் தாய்க்கும் தமக்கும் முதல் வகுப்புச் சீட்டுப் பெற்றிருந்தார். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து இலண்டன்.

பினாங்கில் விமானம் எழும்பியபோது கீழே நீரிடையே ஒரு பசுமைத் திட்டு தெரிந்தது. மகன், "அம்மா, அதுதான் ஜெரஜாக்" என்றார். முப்பதுகளின் நடுவில் மூதாட்டியின் தந்தை அங்கே முகாமில் இருந்தவர். அவர் அதைப்பற்றி மகளிடம் சொன்னது ஒன்றே ஒன்று: அங்கே கொடுத்த சோற்றில் உப்பு இல்லை. தீவு இறக்கைக்குப் பின்னே மறையும் வரையில் மூதாட்டி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998ஆம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது. சிப்பாங் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்கள் பரந்து கிடந்த நிலத்தில் அது எழுந்தது. காட்டுக்குள் விமான நிலையம், விமான நிலையத்துக்குள் காடு என்பது அதனை வரைந்த சப்பானியக் கலைஞர் குரோகாவாவின் கருத்து. துணைக் கட்டடத்தின் நடுவே கண்ணாடிச் சுவருக்குள் மெய்யாகவே ஒரு சிறு காடு வளர்க்கப்பட்டிருக்கிறது. மூதாட்டி அதன்முன் நின்று மரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதிலே ஒரு பால்மரம்கூட இல்லையேப்பா" என்றார்.

ஓய்வுக்கூடத்தின் வாயிலில் சீட்டைப் பார்த்த பணிப்பெண் தலை தாழ்த்தி வரவேற்றாள். உள்ளே ஒலி அடங்கியிருந்தது. அகன்ற நாற்காலிகள், மேசைதோறும் விளக்கு, கிண்ணங்களில் கடலையும் பருப்பும். மகன் எழுந்து போய்த் தட்டு நிறைய உணவு கொண்டுவந்து வைத்தார். மூதாட்டி இரண்டு வாய் உண்டார். பசி இல்லாமல் இல்லை. "சாப்பிடு என்று சொல்ல ஒருத்தரும் இல்லையே, கடை மாதிரியும் இல்லை, வீடு மாதிரியும் இல்லை" என்றார். எளிய சொல்லாயினும் கூர்மையான திறனாய்வு இது. விருந்தோம்பல் என்பது உணவு அன்று, உபசாரம் என்று தமிழ் ஆசிரியர்கள் வகுப்பில் விளக்குவதை அவர் கல்லாமலே அறிந்திருந்தார்.

தேநீர் பருகியதும் கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டு கழுவும் இடம் தேடி நடந்தார். மகன் தடுக்க எழுந்தார். அதற்குள் தட்டுகளை எடுக்கும் இளம்பெண் ஒருத்தி விரைந்து வந்து கோப்பையை வாங்கிக்கொண்டாள். முதலில் மலாயில் பேசினாள். மூதாட்டியின் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"கொடுங்க பாட்டி, இது என் வேலை. எந்த ஊரு நீங்க?"

"சுங்கை சிப்புட். நீ?"

"ஈப்போ, புந்தோங். எங்க பாட்டியும் தோட்டந்தான். தோட்டத்தை வித்த பிறகுதான் புந்தோங்குக்கு வந்தாங்க."

புந்தோங் என்றவுடன் ஈப்போக்காரர் நாவில் கச்சாங் பூத்தே மணக்கும். கடலையும் பட்டாணியும் முறுக்கும் வறுத்தெடுத்து நாடெங்கும் அனுப்பும் தமிழர் குடியிருப்பு அது. மூதாட்டி கிண்ணத்துக் கடலையைச் சுட்டி, "இது உங்க ஊரு மாதிரி இல்லை" என்றார். பெண் சிரித்தாள். "உட்காரம்மா" என்று அருகிருந்த நாற்காலியைத் தட்டினார் மூதாட்டி. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள், உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள். பன்னிரண்டு மணி நேரப் பணி. ஒப்பந்தக்காரர் வழி வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்தவள். இடைநிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது.

ஒரே தோட்டப்புறத்தின் இரு கிளைகள் அந்தக் கூடத்தில் சந்தித்தன. ஒரு கிளை சீட்டோடு வந்தது. ஒரு கிளை துடைக்கும் துணியோடு வந்தது. உழைத்தவன் உயர்ந்தான், உழைக்காதவன் தாழ்ந்தான் என்று கூறுவோர் உண்டு. மேடைக்கு அது வசதியான விளக்கம், ஆனால் பொய். இரண்டு வீட்டிலும் விடியற்காலை பெரட்டுக்கு எழுந்தவர்கள் இருந்தனர். தோட்டம் விற்கப்பட்ட ஆண்டு, அப்போது பிள்ளைக்கு இருந்த வயது, அருகில் இருந்த பள்ளி, அங்கே வாய்த்த ஓர் ஆசிரியர் என்று எத்தனையோ சிறு காரணங்கள் கூடி இரு குடும்பங்களை இரு வழியில் விட்டன.

அந்தப் பெண் போனபின் மூதாட்டி தம் கைப்பையைத் திறந்து நீல அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று காலையிலிருந்து அது நான்காம் முறை. இந்நாட்டு மண்ணிலேயே பிறந்தவர் அவர். ஆயினும் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1957இல் நாடு விடுதலை பெற்றபின் பிறந்த பிள்ளைகள் சட்டத்தால் குடிமக்களாயினர். முன்னர்ப் பிறந்த அவரைப் போன்றோர் பலர் மனுச் செய்ய வேண்டியவராயினர். சிவப்பு அட்டையோடு அவர் இருந்தார். 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய உரிமம் பெற வேண்டும் என்றது. தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். அவர் தங்கிவிட்டார், ஈப்போவில் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும். மலாய் மொழியில் கேட்ட வினாக்களுக்கு விடை சொல்ல மகனே பாடம் நடத்தினான். நீல அட்டை கைக்கு வந்தபோது எண்பதுகள் தொடங்கியிருந்தன. அந்தக் காத்திருப்புக்கு மெத்தை நாற்காலி எவரும் போடவில்லை. நிழலுக்கு ஒரு மரம் இருந்தது என்று மட்டும் அவர் சொல்வதுண்டு.

இலண்டன் அவருக்கு முற்றும் அறியாத ஊரும் அன்று. அவர் வெட்டிய பாலுக்கு ஒரு காலத்தில் அந்நகரின் மின்சிங் லேன் சந்தையில்தான் விலை கூறினர். தோட்டத்துக் கிராணி பலகையில் எழுதும் இறாத்தல் விலை அங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். "நம்ம பால் எல்லாம் போன ஊருக்கு இப்பத்தான் நான் போறேன்" என்று மகனிடம் கூறினார்.

நள்ளிரவுக்குச் சற்று முன்னர் விமானத்துக்கு அழைப்பு வந்தது. மூதாட்டி எழுந்தார், ஆனால் வாயிலை நோக்கி நடக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்காக வீட்டில் சுட்டு எடுத்து வந்த முறுக்கு டின்னைத் திறந்து, ஒரு கைப்பிடி எடுத்து மேசைமேலிருந்த காகிதத்தில் மடித்தார். புந்தோங் பெண்ணைத் தேடிப் பிடித்து அவள் கையில் வைத்தார். புந்தோங்குக்கே முறுக்கா என்று மகன் நகைத்தார். பெண் நகைக்கவில்லை, பொட்டலத்தை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கூடத்துக்குள் பணியாளர் எதையும் தின்னக்கூடாது. காலையில் பணி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும்போது தின்றுகொள்வதாகச் சொன்னாள்.