யாரிடம் கேட்பது?

கதிரியக்கப் பொருளைக் கையாளும் நிறுவனம் அதற்கெனத் தகுதி பெற்ற பாதுகாப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுச் சட்டம். அவருக்கு மேலே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இருக்கிறது. ஈதரும் அசைடும் பிக்ரிக் அமிலமும் அடுக்கிய வேதியியல் ஆய்வகத்தில் ஐயம் எழுந்தால் ஆய்வு மாணவர் யாரிடம் போவது? நெறியாளரிடம், அவர் வெளியூரில் இருந்தால், இரண்டாண்டு மூத்த மாணவரிடம். அபாயகர வேதிப்பொருள்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளையும் பெருங்கிடங்குகளையும் மனத்தில் கொண்டவை. எங்கள் அரை லிட்டர்க் குப்பிகள் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

சென்ற கோடையில் எங்கள் துறையின் பழைய அலமாரியைத் துப்புரவு செய்தபோது டைஐசோபுரோப்பைல் ஈதர்க் குப்பி ஒன்று கண்ணில் பட்டது. பாதி குறைந்திருந்தது. திறந்த தேதி எழுதப்படவில்லை. மூடியின் விளிம்பிலும் உட்புறக் கழுத்திலும் வெண்படிகங்கள்.

இந்த ஈதர் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் மெல்ல வினைபுரிந்து பெராக்சைடாகிறது. டைஎத்தில் ஈதரிலும் டெட்ராஹைட்ரோஃபியூரானிலும் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சி வடித்து வற்றவிடும்போதுதான். இதுவோ அலமாரியில் சும்மா இருந்தபடியே வெடிக்கும் நிலையை அடையக்கூடியது. திறந்த மூன்று மாதத்தில் அப்புறப்படுத்தச் சொல்வது அதனால்தான். படிகம் தோன்றிய பின் மூடியைத் திருகும் உராய்வே போதும்.

துறையில் மூன்று கருத்துகள் எழுந்தன. இரும்பு சல்பேட்டுக் கரைசல் சேர்த்துக் குலுக்கலாம் என்றார் ஒருவர். சோதனைத் தாளை நனைத்துப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் முதலில் மூடியைத் திறந்தாக வேண்டும் என்பதை இருவருமே எண்ணவில்லை. ஆய்வக உதவியாளரிடம் கொடுத்துக் கட்டடத்தின் பின்புறம் ஊற்றச் சொல்லலாம் என்பது மூன்றாவது. எல்லாரிலும் குறைவாக விவரம் சொல்லப்பட்ட மனிதர் கையில் குப்பியைக் கொடுக்கும் இந்த வழக்கம் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

பாதுகாப்புத் தரவுத்தாள் பக்கம் பக்கமாக எச்சரித்தது. எதிரே நிற்கும் இந்தக் குப்பியை என்ன செய்வதென்று சொல்லவில்லை. நண்பர் வழியாக, மருந்துத் தொழிற்சாலையொன்றில் பாதுகாப்புப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் அறிவுரையில் தொடங்கவில்லை, கேள்விகளில் தொடங்கினார். படிகம் உள்ளேயா, வெளியேயா? யாரேனும் அசைத்தார்களா? வெயில் படுமா? அருகில் என்னென்ன இருக்கின்றன? பிறகு சொன்னார்: தொடாதீர்கள், நகர்த்தாதீர்கள், அறையைப் பூட்டுங்கள், துறைத்தலைவர் கையொப்பத்துடன் தீயணைப்புத் துறைக்கும் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுக்கும் எழுதுங்கள்.

செய்தி வெளியே போகுமே என்று துறைத்தலைவர் தயங்கினார். நான் 2010-ஐ நினைவூட்டினேன். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. அதிலிருந்த கோபால்ட்-60 மாயாபுரிச் சந்தையில் பிரிக்கப்பட்டது. பழைய இரும்புக் கடைத் தொழிலாளர் ஒருவர் இறந்தார். இத்தனை விதிகள் உள்ள பொருளுக்கே அந்தக் கதி. விற்குமுன் உரியவரிடம் ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அவர் கையொப்பமிட்டார்.

அறை நான்கு நாள் பூட்டிக் கிடந்தது. என் சோதனைகளும் நின்றன. வந்தவர்கள் குப்பியைத் தொலைவிலிருந்தே கையாண்டு எடுத்துச் சென்றனர். இப்போது அலமாரிக் கதவில் ஒரு பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறோம், திறந்த தேதி எழுத. மேல்தளத்தில் இன்னும் இரண்டு அலமாரிகள் பூட்டியபடி இருக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டு நேற்று மின்னஞ்சல் அனுப்பினேன்.