இதரச் செலவு

சூதாட்ட நகரத்துக்குப் போகிறவன் பட்ஜெட் போட்டுக்கொண்டு போவது, கள்ளுக்கடைக்குப் போகிறவன் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுப் போவது போலத்தான் என்று என் சக உபாத்தியாயர் ஒருவர் சொன்னார். அவர் தமிழ்ப் பண்டிதர். நான் கணக்கு வாத்தியார். ஆகையால் அவர் சொன்னதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. எந்த ஊருக்குப் போனாலும், எவ்வளவு சொற்ப காலம் தங்கினாலும், செலவை முன்கூட்டியே எழுதிக்கொண்டு புறப்படுகிறவனுக்கு ஆபத்து இல்லை என்பது என் சித்தாந்தமாக இருந்தது. 2024-ம் வருஷம் மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அந்தச் சித்தாந்தம் என்ன ஆயிற்று என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் தம்பி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் உத்தியோகம் பார்க்கிறான். கோடை விடுமுறைக்கு என்னையும் என் மனைவியையும் அவன்தான் விமானச் சீட்டு வாங்கி வரவழைத்திருந்தான். எங்கள் பெண் கும்பகோணத்தில் பாட்டியிடம் இருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், லாஸ் வேகஸ் நகரத்தில் தம்பிக்கு ஒரு மகாநாடு வந்து வாய்த்தது. "அண்ணா, நீங்களும் அண்ணியும் காரில் கூட வந்துவிடுங்கள். ஒரே ஒரு ராத்திரிதானே? எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். கார் உன்னுடையது, தங்குவதும் சாப்பிடுவதும் எங்களுடையது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மூத்தவனுக்கு இந்த அளவுக்காவது ரோஷம் இருக்க வேண்டும் அல்லவா?

ஊரிலிருந்து கொண்டு வந்த பணத்தில் 300 டாலர் ஒதுக்கினேன். அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 83 ரூபாய். ஆக, ஏறக்குறைய 25,000 ரூபாய். எங்கள் வீட்டில் ஒரு மாத மளிகை, பால், காய்கறி, மின்சாரம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இரண்டு பேர் ஒரு நாள் இரவு தங்குவதற்கு அது ஏராளம் என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

முதல் அடி அறை வாடகையில் விழுந்தது. வார நடுவில் அந்த ஊர் ஹோட்டல்களில் அறை மலிவு. சனி, ஞாயிறுகளில்தான் விலை மலையேறும். 45 டாலருக்கு ஓர் அறை கிடைத்ததாகத் தம்பி சொன்னபோது எனக்கு உண்டான சந்தோஷம் இரண்டு நிமிஷந்தான் நீடித்தது. அறை வாடகை போக, 'ரிசார்ட் கட்டணம்' என்று இன்னொரு 45 டாலர் உண்டாம். நீச்சல் குளத்துக்கும், டெலிபோனுக்கும், நாம் கேட்காத வேறு சௌகரியங்களுக்குமாக அதை வாங்குகிறார்கள். இரண்டையும் கூட்டி அதன்மேல் 13 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமாக வரி. மொத்தம் 102 டாலர். (2025-ம் வருஷம் மே மாதத்திலிருந்து, இப்படிப்பட்ட கட்டணங்களைச் சேர்த்து முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசாங்கம் விதி செய்திருக்கிறது. எனக்கு அது ஒரு வருஷம் தாமதம்.) மீதியாகும் 57 டாலரில் ஒரு ஜாலவித்தைக் காட்சி பார்க்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். ஜாலவித்தைக்காரன் மேடைக்கு வருவதற்கு முன்பே பணம் மறைந்துவிட்டது.

பாக்கி 198 டாலரைப் பங்கிட உட்கார்ந்தோம். சாப்பாட்டுக்கு 90. முதல் நாளைக்குத் தம்பி மனைவி புளியோதரை கட்டிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்ததால் அது போதும். 24 மணி நேரத்துக்குச் செல்லும் பஸ் சீட்டு ஆளுக்கு 8 வீதம் 16. இனாம் கொடுப்பதற்கு 12. அந்த நாட்டில் இனாம் என்பது தர்மம் அல்ல, கடமை. பெண்ணுக்கு ஓட்டப் பந்தயச் செருப்பு வாங்க 40. அவள் பள்ளிக்கூடத்தில் 400 மீட்டர் ஓடுகிறவள். "எனக்கு அமெரிக்காவிலிருந்து வேறு ஒன்றும் வேண்டாம், அப்பா" என்று சொல்லிப் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து கொடுத்திருந்தாள்.

மிச்சம் 40. "இதை 'இதரச் செலவு' என்று எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன்.

"அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்றாள் என் மனைவி.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என் தாயார் வீட்டுக் கணக்கை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்தாள். அரிசி, எண்ணெய், சலவைக்காரர் என்று ஒழுங்காகப் போகும் அந்தக் கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் 'இதர' என்று ஒரு வரி இருக்கும். 5 ரூபாய், சில வாரம் 10. அந்த 'இதர' என்பது என் தகப்பனார் வாங்கிய பரிசுச் சீட்டு என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. தமிழ்நாட்டில் அரசாங்கமே 1968-ம் வருஷத்தில் பரிசுச் சீட்டுத் திட்டம் ஆரம்பித்தது. பிறகு மற்ற மாகாணங்களின் சீட்டுகளும் மூலைக்கு மூலை விற்றன. அப்பா குடிக்க மாட்டார், புகை பிடிக்க மாட்டார். சீட்டு ஒன்றுதான். அதைக் கணக்கில் அதன் பெயரைச் சொல்லி எழுத அம்மாவுக்கு மனம் வரவில்லை. அந்த வரியை ஈடு செய்ய அவள் தன் பங்குக் காப்பியை நிறுத்திக்கொண்டாள் என்பதையும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 2003-ல் சீட்டு விற்பனையை இங்கே தடை செய்தார்கள். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், விழாத சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன.

"சூது ஆடிப் பார்க்கத்தானே இந்த 40? அப்படியே எழுதுங்கள். ஆளுக்கு 20. போன பணம் என்று இன்றைக்கே எழுதிவிட்டால் பிறகு துக்கம் இல்லை" என்றாள். ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உறை போட்டு, மேலே பெயர் எழுதியதும் அவள்தான்.

லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து 270 மைல். பாதிக்குமேல் மொட்டைப் பாலைவனம். வழியில் பேக்கர் என்ற சிற்றூரில் 134 அடி உயரத்துக்கு ஒரு வெப்பமானியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913-ல் 134 டிகிரி பதிவாயிற்றாம், அதன் ஞாபகார்த்தம். நெவாடா எல்லையில் தம்பி ஒரு வேடிக்கை சொன்னான். 1931-லிருந்து சூதாட்டம் சட்டபூர்வமாக நடக்கும் அந்த மாகாணத்தில் அரசாங்கப் பரிசுச் சீட்டு மட்டும் கிடையாது. அரசியல் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே லாஸ் வேகஸ்காரர்கள் எல்லைக்கு வந்து, கலிபோர்னியா மண்ணில் உள்ள கடையில் சீட்டு வாங்குகிறார்களாம். அப்பா இருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று யோசித்தேன்.

ஊரைப் பற்றி அதிகம் வர்ணிக்கப் போவதில்லை. படங்களில் பார்த்திருப்பீர்கள். பாரிஸ் கோபுரமும் எகிப்துப் பிரமிடும் ஒரே சாலையில் நிற்கின்றன. கணக்குப் பார்க்கிறவனுக்கு அங்கே இரண்டு விஷயங்கள் முக்கியம். மிக அழகானது இலவசம்: பெல்லாஜியோ ஹோட்டலின் முன்னால் சங்கீதத்துக்கு இசைந்து ஆடும் நீரூற்று. மிகச் சாதாரணமானது கொள்ளை விலை: ஒரு காப்பி 7 டாலர். என் மனைவி விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, "வாசனை பிடித்தாயிற்று, வாருங்கள் போகலாம்" என்றாள்.

மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. ஹோட்டல் வாசலிலிருந்து அறைக்குப் போகும் லிப்டை அடைவதற்குச் சூதாட்டக் கூடத்தின் நடுவேதான் நடந்தாக வேண்டும். கோயிலில் பிராகாரம் சுற்றாமல் சந்நிதிக்குப் போக முடியாதது போல.

சக்கர ஆட்டத்தின் கணக்கை என் மாணவர்களுக்கு நான் போதித்ததுண்டு. அமெரிக்கச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும், அவற்றோடு இரண்டு பூஜ்யங்களுமாக 38 குழிகள். ஜயித்தால் ஒன்றுக்கு 35 கொடுப்பார்கள். 38 குழியிலும் ஒவ்வொரு டாலர் வைத்தால் வைத்த டாலரோடு சேர்த்து 36 திரும்பி வரும், 2 போய்விடும். நூற்றுக்கு ஐந்தே கால். இது மனிதத்தன்மையான வரி என்றுகூடத் தோன்றும். ஆனால் அந்தச் சதவிகிதம் நாம் கொண்டுபோன பணத்துக்கு அல்ல, வைக்கும் ஒவ்வொரு பந்தயத்துக்கும். இயந்திரங்களில் இது இன்னும் விளங்கும். 'ஒரு ஸென்ட் ஆட்டம்' என்று எழுதியிருந்த இயந்திரம் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 50 ஸென்ட் கேட்டது. நிமிஷத்துக்குப் பத்துச் சுற்று என்றால் மணிக்கு 600 சுற்று, 300 டாலர் பந்தயம். இயந்திரம் நூற்றுக்குப் பத்து மட்டும் பிடித்துக்கொண்டாலும் மணிக்கு 30 டாலர் போயிற்று. நெவாடா விதிப்படி அது 25 வரை பிடித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் தெரிந்த நான் அதன்முன் உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்து இயந்திரத்தில் நான்கு தடவை பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. "பார்த்தாயிற்று" என்று எழுந்து, மீதி 18 டாலருக்கு அது கொடுத்த சீட்டைப் பணமாக மாற்றி உறையில் வைத்துக்கொண்டாள். எனக்கோ ஒரு கட்டத்தில் 31 டாலர் நின்றது. அதுதான் விபரீதம். 11 டாலர் லாபத்தை மனத்திலே வரவு வைத்துவிட்டேன். அரை மணிக்குள் எல்லாம் போயிற்று. போனது 20, ஆனால் 31 போனதாக நெஞ்சு எரிந்தது.

இரவு பதினொன்றரைக்கு அவள் தூங்கிவிட்டாள். நீரூற்றை இன்னொரு தரம் பார்த்து வருவோம் என்று இறங்கினேன். நீரூற்றைப் பார்த்தது மெய். திரும்பும்போது அதே இயந்திரம் காலியாக இருந்தது. சட்டைப் பையில் எல்லா உறைகளும் இருந்தன. சாப்பாட்டு உறையில் கை வைத்தால் காலையில் தெரிந்துவிடும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. செருப்பு உறையைத் திறந்தேன். அந்த 20 டாலர் கால் மணி நேரங்கூட நிற்கவில்லை. உறைக்குள் இருந்த காகிதத்தில் பெண்ணின் பாதம் அப்படியே இருந்தது.

மறுநாள் மத்தியானம் தம்பி எங்களை ஒரு செருப்புக் கடையில் இறக்கினான். சரியான அளவு, நீல நிறம், 36 டாலர். அங்கே விலைச் சீட்டில் வரி சேராது. வரியோடு 39 டாலர் 2 ஸென்ட். உறையைப் பிரித்தேன். ஒரே ஒரு 20 டாலர் நோட்டு. என் மனைவி அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் உறையிலிருந்து 18 டாலரை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நான் சில்லறையைத் துழாவி 1 டாலர் 2 ஸென்ட் கொடுத்தேன். விற்பனைப் பெண் மூவருக்கும் பொதுவாகச் சிரித்தாள்.

ஊர் திரும்பும் வழியில், பேக்கர் வெப்பமானி தெரியும் சமயம், நோட்டைத் திறந்து கணக்கு எழுத ஆரம்பித்தேன். அறை 102, பஸ் 16, செருப்பு 39. சூது என்ற வரிக்கு வந்தேன். ஆச்சரியம்! ஒதுக்கியது 40, போனது 42. அவள் ஆடாமல் வைத்திருந்த 18 என் திருட்டை அநேகமாக மூடிவிட்டது. சூது 40 என்று எழுதி, மேலே உள்ள 2 டாலரை எங்கேயாவது சேர்த்துவிட்டால் உலகத்தில் எந்தத் தணிக்கை அதிகாரியாலும் கண்டுபிடிக்க முடியாது. 'இத' என்று இரண்டு எழுத்து எழுதியும் விட்டேன்.

"கொஞ்சம் கொடுங்கள்" என்று பேனாவை வாங்கினாள். அந்த இரண்டு எழுத்தையும் அடித்தாள். சூது என்ற தலைப்பின் கீழே தன் கையால் இரண்டு வரி எழுதினாள்:

நீங்கள்: 40.
நான்: 2.