விடுதலை வேண்டாம் என்ற தீவு



ரூபாய் நோட்டில் தமிழும் இருக்கும் மொரீஷியஸைப் பற்றி வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். 1968 மார்ச் 12-ல் விடுதலை பெற்ற நாடு. 1930-ல் காந்தியடிகள் தண்டி யாத்திரை தொடங்கியதும் ஒரு மார்ச் 12-தான்.

பாடத்தில் வராத மறுபாதி இது. 1967 தேர்தல், விடுதலை வேண்டுமா என்ற கேள்வியைச் சுற்றியே நடந்தது. 100-க்கு 44 பேர் எதிர்த்தரப்புக்கு வாக்களித்தார்கள். சுமார் 600 கி.மீ. தள்ளியிருக்கும் ரோட்ரிக்ஸ் தீவிலோ மிகப் பெரும்பாலோர் 'வேண்டாம்' என்றார்கள். பெரும்பான்மைக்கு நடுவே காணாமல் போய்விடுவோம் என்ற பயம். கொடி மாறியது; தீவும் கூடவே போனது. தன்னாட்சி 2002-ல்தான் கிடைத்தது. இப்போது தனிநாடு கேட்கும் சிறு குரலும் அங்கே உண்டு.

நம்ம பொம்மிடி ஸ்டேஷனில் எந்த ரயில் நிற்கும் என்பதையே எங்கோ இருப்பவர்கள்தானே முடிவு செய்கிறார்கள்? அந்தத் தீவுக்காரர் மனசு நமக்குப் புரியாததல்ல.

வகுப்பில் எல்லோரும் கை தூக்கும்போது, தூக்காத கடைசி பெஞ்சுப் பையனிடம்தான் நான் முதலில் காரணம் கேட்பேன். குடும்பமோ சங்கமோ ஊராட்சியோ, பெரும்பான்மை முடிவு என்று கைதட்டும் முன் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், பிள்ளைகளே.