விளக்குக்கு மட்டும் பேரம்

கையால் செய்து விற்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு. பணம் இல்லாமல் அல்ல. சொன்ன விலையைக் கொடுத்தால் ஏமாந்துவிட்டோம் என்று ஒரு நினைப்பு. அது எவ்வளவு கேவலமான பழக்கம் என்பது விருத்தாசலத்தில்தான் எனக்கு உறைத்தது.

விருத்தாசலம் ஜங்ஷனில் பலரும் வண்டி மாறுவதோடு சரி. சேலத்துக்கும் கடலூருக்கும் பாதை பிரிகிற இடம் அது. வெளியே வந்து மணிமுத்தாற்றுப் பக்கம் நடந்தால் தேவார மூவர் திருமுதுகுன்றம் என்று பாடிய தலம். சோழ அரசி செம்பியன் மாதேவி கல்லால் எடுப்பித்த பழமலைநாதர் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் பிராகாரமும் ஐந்தைந்து. ஆழத்துப் பிள்ளையாரைப் பார்க்கப் படி இறங்க வேண்டும். பசியோடு இரவில் வந்த குரு நமசிவாயர் அம்மனைக் கிழவி என்று பாடிச் சோறு கேட்டாராம். கிழவியால் எப்படிச் சோறு கொண்டுவர முடியும் என்று கேட்ட அம்மன், அவர் மாற்றிப் பாடியதும் இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாள் என்பது தலபுராணக் கதை. எனக்கு மிகவும் பிடித்த கதை.

அன்று எனக்கும் அந்த ஊர் நன்றாகவே சோறு போட்டது. வைகாசி வெயிலுக்குத் தெருவோரத்தில் கம்பங்கூழ், கடித்துக்கொள்ள மோர்மிளகாய். மதியம் பச்சை முந்திரிப்பருப்பு போட்ட குழம்பு. உலர்ந்த பருப்புக்கு அந்த மென்மையும் பால்சுவையும் வராது. சுற்றுவட்டாரமே முந்திரிக்காடு, வி.ஆர்.ஐ. 3 என்ற முந்திரி ரகம் இந்த ஊர் ஆராய்ச்சி நிலையம் தந்ததுதான். பிறகு பண்ருட்டிப் பலாச்சுளை. எதற்கும் நான் விலை பேசவில்லை. பரிமாறியவருக்கு மீதிச் சில்லறையையும் விட்டுவிட்டு வந்தேன்.

அடுத்து ஒரு அம்மாவிடம் பீங்கான் அகல் வாங்கினேன். அவர் சொன்ன விலையில் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொன்னேன். கட்டாது என்றார். எழுந்து போவதுபோல் பாசாங்கு செய்தேன். “சரி, எடுத்துக்குங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகுதான் அந்த ஊர் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைப் பட்டறைக்குள் போனேன். களிமண்ணையும் அரைத்த கல்மாவையும் தண்ணீரில் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச, உட்புறத்தில் ஓடு போலப் படிகிறது. மீதியைக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் இறுகியதும் பொம்மையை எடுக்கிறார்கள். அச்சின் பொருத்துக்கோடு அதில் பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறைக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பதற்கென்றே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அழுத்திப் பிடித்தால் நெளியும், அவசரமாய்க் காயவைத்தால் வெடிக்கும். காய்ந்த பிறகு சூளை; பீங்கானுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதிலும் கோணியதும் விரிசல் விட்டதும் கழிவு. கடைக்கு வருவது இத்தனையிலும் தப்பிப் பிழைத்தது. பியூஸ் கட்டையும் கொலு பொம்மையும் அகலும் இப்படிப்பட்ட கைகளிலிருந்துதான் வருகின்றன.

அங்கே நின்றபோது என் பையில் அந்த அகல்கள் இருந்தன. வண்டிக்கு நேரமும் இருந்தது. திரும்பிப் போய் அந்த அம்மாவிடம் மீதியைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. ஏற்கெனவே பேசி முடித்த விலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து, எவ்வளவு குறைத்து வாங்கினேன் என்று பெருமையாகவும் சொன்னேன். பேரம் பேசியதைவிட இதற்குத்தான் அதிகம் வெட்கப்படுகிறேன். என் நாக்குக்குச் சுகம் தந்தவருக்குத் தாராளமாகக் கொடுத்தேன். கை நோக உழைத்தவரின் கூலியைக் குறைத்தேன்.

விருத்தாசலம் போகிறவர்கள் கோயிலோடும் சாப்பாட்டோடும் நிற்காமல் தொழிற்பேட்டைப் பக்கமும் ஒரு நடை போய்வாருங்கள். அகல் வாங்கினால், அவர்கள் சொல்லும் விலையைக் கொடுத்துவிடுங்கள்.