காற்றுப் போன பலகை

கொச்சிக் காயலில், கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நின்றிருந்தபோதுதான் காலடியில் பலகை குழைவதை உணர்ந்தேன். வாழை மட்டையை மிதித்தது போல நடுப்பகுதி அமுங்கியது. முன்முனை மேலே தூக்கியது. சத்தம் எதுவும் இல்லை. சில நிமிடங்களில் முழங்கால் வரை தண்ணீரில் நின்றிருந்தேன். அப்போது வயது 46. தொழில், தமிழ் வாத்தியார். சர்க்கரை உண்டு. நீச்சல் சுமாராகத் தெரியும்.

ஒரு வாத்தியாருக்குக் காயலில் என்ன வேலை என்று கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

கேரளத்தின் தமிழ் எல்லைகளிலேயே என் உத்தியோக வாழ்க்கை ஓடியிருக்கிறது. முதலில் இடுக்கி மாவட்டத்தின் குமுளி. பிறகு பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை. வீதியில் மலையாளமும் வீட்டில் தமிழும் பேசும் ஊர்கள். நாற்பதைத் தாண்டியதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். முழங்கால் மறுத்தது. கொச்சியில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன்தான், "சார், நடக்க முடியாட்டி என்ன, தண்ணி மேல நில்லுங்க" என்று ஒரு பேடில் போர்டைக் காட்டினான். காற்றடித்தால் கட்டில் நீளத்தைத் தாண்டும் பலகை. காற்றை இறக்கிச் சுருட்டினால் முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். அதன் மேல் நின்றுகொண்டு, ஆள் உயரத்துக்கும் மேல் ஒரு சாண் நீண்ட துடுப்பால் தள்ளிப் போக வேண்டும். அரை மாதச் சம்பளம் போயிற்று.

ஹவாய்த் தீவுகளில் அலைச்சறுக்கு வீரர்கள் 2000-க்குப் பிறகு பிரபலமாக்கிய விளையாட்டு இது. 2012-ல் பெரு நாட்டில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தது. நம் ஊருக்கும் வந்துவிட்டது. 2024-ல் மங்களூர் அருகே சர்வதேசப் பந்தயமே நடந்தது. தேசியப் பட்டங்களை வென்ற சேகர் பச்சை தமிழ்நாட்டுக்காரர். ஆனாலும் இதை முழுக்க அந்நியச் சரக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, அதன் மேல் நின்றும் மண்டியிட்டும் அலையைத் தாண்டுவது சோழமண்டலக் கரையில் எத்தனையோ தலைமுறைப் பழக்கம். ஆங்கிலத்துக்குக் 'கட்டமரான்' என்ற சொல்லைக் கொடுத்ததே அந்தக் கட்டுமரம்தான்.

வாத்தியார் கையில் எது கிடைத்தாலும் அது பரீட்சையாகிவிடும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். முதல் மாதம் ஒரு கிலோமீட்டர் போக 17 நிமிடம். மூன்றாம் மாதம் 14. கொச்சியில் படகோட்டும் ஆர்வலர்கள் சேர்ந்து மே மாதத்தில் ஒரு சிறிய பந்தயம் வைத்தார்கள். ஐந்து கிலோமீட்டர், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு. ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று நோட்டில் சிவப்பு மையால் எழுதினேன். அதாவது கிலோமீட்டருக்கு 12 நிமிடம். பந்தயக்காரர்களின் பலகை 14 அடி நீளம், ஒடுங்கிய அகலம், கத்தி போலத் தண்ணீரைக் கிழிக்கும். என்னுடையது பத்தரை அடி நீளம், 32 அங்குல அகலம். எருமை மாடு மாதிரி நிதானமானது. வேகம் பலகையிலிருந்து வராது, என் தோளிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் வர வேண்டும்.

பயிற்சிக்கு இடம்தான் பெரிய சிக்கல். பாலக்காட்டின் எல்லையில் தண்ணீருக்கா பஞ்சம்? மலம்புழா இருக்கிறது. சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாக ஏறிப் போனால் பரம்பிக்குளம் இருக்கிறது. ஆனால் நினைத்த இடத்தில் சொந்தப் பலகையை இறக்க முடியாது. ஒன்று அணைக்கட்டு, மற்றொன்று புலிகள் காப்பகம். பரம்பிக்குளத்தில் முதலைகளும் உண்டு. அங்கே பந்தயம் வைத்தால் எல்லோருமே சாதனை நேரத்தில் முடிப்பார்கள். ஆகவே ஞாயிறுதோறும் விடியுமுன் கிளம்பி, சுமார் 150 கி.மீ. கார் ஓட்டிக் கொச்சிக்குப் போய் வந்தேன்.

தவறு அங்கேதான் தொடங்கியது. ஊதுவதற்கும் இறக்குவதற்கும் சோம்பல். 15 பவுண்டு அழுத்தத்தில் விறைத்திருந்த பலகையை அப்படியே கார் கூரையில் கட்டிக்கொண்டு திரும்பினேன். கோடையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரியும், அழுத்தம் ஏறும். அதே சூட்டில் ஓரங்களை ஒட்டியிருக்கும் பசை இளகும். இரண்டும் சேர்ந்தால் ஓர் ஓரத்திலாவது வாய் திறக்கும். திறந்தது. பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஓரத்தில் ஒரு நெல்மணி அளவுக்குக் கசிவு.

எங்கள் ஊர் சைக்கிள் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது ரப்பர் இல்ல, பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. நம்ம சொலுஷன் பிடிக்காது" என்றார். "இரண்டு ஞாயிறு தாங்கினால் போதும், ஒட்டுங்கள்" என்றேன் நான். அவருக்குத் தொழில் தெரிந்திருந்தது. எனக்குத் தேதி மட்டுமே தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிறு, காயலின் நடுவே, அந்த ஒட்டு உரிந்துகொண்டது.

அன்று நான் பிழைத்ததற்கு வீரம் காரணமில்லை. உடம்பில் மிதவைச் சட்டை இருந்தது. பலகையின் வால் பக்கத்தையும் என் கணுக்காலையும் பிணைக்கும் கயிறு இருந்தது. அரைகுறைக் காற்றோடு பலகை மிதந்தது. அதன் மேல் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ளினேன். வஞ்சியில் வந்த ஒரு மீன்காரர் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டார். தொய்ந்து கிடந்த பலகையைப் பார்த்து, இதற்கு எத்தனை வயது என்று மலையாளத்தில் கேட்டார். ஆறு மாதம் என்றேன். தன் வஞ்சிக்குப் பதினெட்டு வருஷம் என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

மிதவைச் சட்டைக்கு ஒரு காரணம் உண்டு. 2009 செப்டம்பர் 30-ம் தேதி தேக்கடி ஏரியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது நான் குமுளியில் இருந்தேன். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாக ஒதுங்கியதில் படகு சாய்ந்தது என்றார்கள். இரவெல்லாம் ஆம்புலன்ஸ்கள் ஓடின. எந்த ஊர் ஆட்கள், யாருடைய பிள்ளைகள் என்று அடையாளம் தேடி வந்தவர்களுக்குத் தமிழில் வழி சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்றிலிருந்து முழங்கால் தண்ணீர் என்றாலும் சட்டை இல்லாமல் இறங்குவதில்லை. அந்த ஒரு பாடத்தைக் கற்றவன், மற்றப் பாடங்களைக் கோட்டை விட்டிருந்தேன்.

பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை கொச்சிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. குமுளிக்கு பஸ் ஏறினேன். 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையால் உருவானது தேக்கடி ஏரி. அங்கே மீன் பிடிக்கும் உரிமையுள்ள மன்னான், பளியர் மக்கள் மூங்கில் தெப்பத்தில் போவதைக் குமுளியில் இருந்த காலமெல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்தவர்கள், பிறகு வனத்துறையோடு சேர்ந்து காட்டுக்குக் காவலானார்கள். சுற்றுலாக்காரர்களை மூங்கில் தெப்பத்தில் அழைத்துப் போனவர்களில் அவர்களும் உண்டு. பழக்கமான தெப்பக்காரர் ஒருவரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தண்ணியில இறங்கின பிறகு தெப்பத்தைப் பார்த்து என்ன சார் பண்றது? கரையில கிடக்கிறப்ப பார்க்கணும். எங்களுக்குப் போறது பாதி வேலை, பார்க்கிறது பாதி வேலை" என்றார். கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டே பேசினார். கோரமண்டல மீனவர்களும் கரையேறியதும் கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளைக் காய வைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்த மரம் வேகத்தைக் குறைக்கும். பராமரிப்பும் பந்தயமும் இரண்டல்ல என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும்.

இடவப்பாதி மழை கொட்டிய ஜூன் மாதத்தில் திண்ணையில் உட்கார்ந்து பலகையைச் சரிசெய்தேன். சோப்பு நுரையை ஓரமெல்லாம் தடவினால், கசியும் இடத்தில் குமிழி வரும். ஒன்று என்று நினைத்திருந்தேன், மூன்று வந்தன. பழைய சொலுஷனைச் சுரண்டி, பி.வி.சி.க்கு உரிய பசையை இரு பக்கமும் பூசி, ஒட்டி, எடை வைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டேன். முன்பு ஈரத்தோடு சுருட்டி வைத்ததில் பூஞ்சைக் கறை படிந்திருந்தது. பின்புறம் கீழே பொருத்தும் ஃபின் ஒரு பக்கம் வளைந்திருந்தது. மூன்று மாதமாக நான் நேராகப் போக முடியாமல் திணறியதற்கு என் தோள் காரணமில்லை, அதுதான் காரணம். நோட்டில் எழுதிய நிமிடங்களில் சிலவற்றை நான் கரையிலேயே தொலைத்திருக்கிறேன்.

இப்போது ஒழுங்கு வந்துவிட்டது. காயல் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர். நிழலில் உலர்த்தல். வெயிலில் நிறுத்த நேர்ந்தால் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுதல். காரில் ஏற்றுமுன் முழுவதும் இறக்குதல். கிளம்புவதற்கு முந்தின இரவு ஊதி வைத்து, காலையில் அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று பார்த்தல். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இதற்கு ஒரு வருகைப் பதிவேடே போட்டுவிட்டாள். அன்று வஞ்சியில் வந்து இறங்கிய கதையைக் கேட்டு இரண்டு நாள் என்னோடு பேசாதவள் அவள். அவள் கையெழுத்துப் போடாமல் பலகை வீட்டு வாசலைத் தாண்டாது.

டிசம்பரில் நடந்த அடுத்த பந்தயத்தில் கலந்துகொண்டேன். ஐந்து கிலோமீட்டர், ஒரு மணி இரண்டு நிமிடம். என் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம். சிவப்பு மை இலக்கு இரண்டு நிமிடத்தில் தப்பியது. ஆனால் முதல் கிலோமீட்டரிலும் கடைசி கிலோமீட்டரிலும் காலடியில் பலகை ஒரே மாதிரி விறைப்பாக இருந்தது. முன்பெல்லாம் அதை நான் கவனித்ததுகூட இல்லை.

பாலக்காட்டுக்கு வடக்கே, சாலியாற்றில் நிலம்பூரிலிருந்து பேப்பூர்க் கடல்முகம் வரை 68 கி.மீ. தூரத்தை மூன்று நாளில் துடுப்புப் போட்டுக் கடக்கிறார்கள். போகும் வழியில் ஆற்றுப் பிளாஸ்டிக்கைப் பொறுக்குகிறார்கள். யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை, ஆளும் பலகையும் மூன்று நாள் தாங்கினால் போதும். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதியிருக்கிறேன், இந்த முறை நீல மையில்.

சனிக்கிழமை இரவுகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்கும். வால்வு? ஃபின்? கயிறு? ஒட்டு? நான் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "உள்ளேன் ஐயா" என்று பதில் சொல்ல வேண்டும். கடைசியாக அவள் கேட்பது, "அப்பாவோட சட்டை?"