கிக்கரில் கால் வைக்கும் முன் கியர் ஆயிலைப் பாருங்கள்!

திண்டிவனம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘அப்பா ஓட்டிய பழைய புல்லட் நாலு வருடமாக மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? இல்லை, எடைக்குப் போட்டுவிடலாமா?’

வேளாண் அலுவலருக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் புழு, பூஞ்சாணம், உரம், மானியம் என்றுதான் இருக்கும். வண்டிக் கேள்வி வருவது அபூர்வம். ஆனால், இதற்குப் பதில் சொல்ல என் கையில் ஒரு சொந்த அனுபவம் இருக்கிறது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் இப்போது செய்யாதீர்கள். கியர் பாக்ஸைத் திறந்து, உள்ளே இருக்கும் ஆயிலை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பாருங்கள். ஓட்டுவதா, விற்பதா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.

எங்கள் குடும்பத்து புல்லட் 1986-ல் வாங்கியது. மதுராந்தகம் பக்கம் அப்பா நிலக்கடலை போட்ட காலத்தில் வந்த வண்டி. அப்பாவுக்குப் பிறகு அண்ணனுக்கு வந்தது. அண்ணன் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார், குடியிருப்பு ஆதம்பாக்கம். வேளச்சேரிக்கும் பரங்கிமலைக்கும் நடுவில் இருக்கும் பகுதி. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது அந்தத் தெருவிலும் தண்ணீர் ஏறியது. மாடிப்படிக்குக் கீழே நின்ற புல்லட், டேங்க் மட்டும் வெளியே தெரிய இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைக் கழுவுவதே பெரும்பாடாக இருந்தது. வண்டியைப் பிறகு பார்க்கலாம் என்று அண்ணன் சொன்னார். ஆனால், அதற்குள் உடம்பு முடியாமல் போய்விட்டது. 2017-ல் அவர் காலமானார். அதன் பிறகு தார்ப்பாய் மூடிய வண்டியை யாரும் தொடவில்லை.

2022-ல் அண்ணன் மகன் ஒரு முடிவுக்கு வந்தான். ஊரில் இருக்கும் இரண்டு ஏக்கரைத் தானே பயிர் செய்வது, இரண்டு கறவை மாடு வைத்துக்கொள்வது என்று திட்டம். பால் கேன் ஏற்ற ஒரு வண்டி வேண்டும். கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தால், மாடு வாங்க வைத்திருந்த பணத்தில் கை வைக்க வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரர் புல்லட்டுக்கு எட்டாயிரம் தருவதாகச் சொல்லியிருந்தார். “தம்பி, நீங்க வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லுங்க. ஓடுதுன்னா அவன் எடுத்துக்கட்டும். இல்லன்னா கொடுத்துடலாம். பார்க்கப் பார்க்க எனக்குக் கஷ்டமா இருக்கு” என்று அண்ணி கூப்பிட்டார்.

அண்ணனுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் அதே பகுதியில் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் ‘பாய்’. தார்ப்பாயை நீக்கியதும் பையன் கிக்கரை மிதிக்கப் போனான். பாய் கையைப் பிடித்துவிட்டார். “தம்பி, கால வெக்காத. மொதல்ல கீழ தொறந்து பாக்கலாம்” என்றார்.

கியர் பாக்ஸின் அடிப் போல்ட்டைக் கழற்றியதும் முதலில் வந்தது ஆயில் இல்லை, தண்ணீர். ஒரு டம்ளர் அளவுக்குத் துருநிறத் தண்ணீர். அதற்குப் பின்னால் பால் ஊற்றிய காபி மாதிரி ஒரு கூழ். கடைசியாகத்தான் கறுப்பு ஆயில் இழுத்துக்கொண்டு வந்தது. ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால், நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் தங்கிவிடுகிறது. கிக்கரை மிதித்து என்ஜினை ஓட விட்டிருந்தால், பற்சக்கரங்கள் அந்தத் தண்ணீரையும் சேற்றையும் கடைந்து எல்லா பேரிங்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

வழக்கமாக ஆயில் மாற்றும்போது, ‘வண்டியைக் கொஞ்சம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடியுங்கள்’ என்பார்கள். தினம் ஓடும் வண்டிக்கு அது சரி. சூட்டில் ஆயில் இளகி, அழுக்கோடு முழுவதும் வடியும். நெடுநாள் நின்ற வண்டிக்கு இது தலைகீழ். குளிர்ந்த நிலையிலேயே, ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமல் திறக்க வேண்டும்.

‘எங்கள் வண்டி வெள்ளத்தில் நிற்கவில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். வெள்ளம் வராமலும் தண்ணீர் சேரும். பகலில் சூடாகி இரவில் குளிரும்போது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் காற்று விரிந்து சுருங்குகிறது. சுருங்கும்போது வெளியிலிருந்து ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஈரம் இரும்பில் வியர்த்துச் சொட்டாகிறது. நாலு மழைக்காலம் நின்றால் நிறையவே சேர்ந்துவிடும். மாட்டுக் கொட்டகையில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஒயர் முனைகள், கார்புரேட்டர் எல்லாம் கெடும். வண்டியை முதலில் கொட்டகையிலிருந்து வெளியே எடுங்கள்.

உங்கள் வண்டியில் கியர் ஆயில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அடுத்த வேலை. சென்னை திருவொற்றியூரில் வந்த பழைய புல்லட்டுகளில் என்ஜின் வேறு, கியர் பாக்ஸ் வேறு. 1955-ல் இங்கே கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து பல பத்தாண்டுகள் அதே அமைப்புதான். இங்கிலாந்தில் 1970-லேயே தயாரிப்பு நின்றுவிட, இங்கே அது தொடர்ந்தது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் இருந்த அந்த வண்டிகளில் ஆயில் மூன்று இடத்தில் இருக்கும்: என்ஜினில், இடது பக்கத்து செயின் கேஸில், கியர் பாக்ஸில். ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. 2010 வாக்கில் வந்த புது என்ஜினில்தான் எல்லாம் ஒரே ஆயில் என்று ஆனது.

ராஜ்தூத், யெஸ்டி, ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் என்ஜினுக்குத் தேவையான 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து போய் எரிந்துவிடும். கியருக்கு ஆயில் தனி. பழைய சேட்டக் ஸ்கூட்டரும் அப்படித்தான். ‘பெட்ரோலில்தான் ஆயில் ஊற்றுகிறோமே’ என்று பலர் கியர் ஆயிலை வருடக்கணக்கில் திறப்பதே இல்லை. ஸ்ப்ளெண்டர் மாதிரியான இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்.

பாய் செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தினார். போல்ட்டைச் சுற்றி மண்ணையும் துருவையும் சுரண்டித் துடைத்தார். மேலே ஆயில் ஊற்றும் மூடி திறக்க வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடிப் போல்ட்டில் ஸ்பேனர் வைத்தார். வடித்துவிட்டு, மேல் மூடி இறுகிக்கொண்டு திறக்காவிட்டால் என்ன செய்வது? ஆயிலை இரவு முழுக்க வடிய விட்டார். மறுநாள் விலை குறைந்த ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் பல தடவை சுற்றி, அதையும் வடித்தார். இரண்டாவது தடவையும் வெண்மை தெரிந்ததால் மூன்றாவது தடவையும் அலசினார். மண்ணெண்ணெய் ஊற்றி அலசலாமே என்று கேட்டேன். “ஊத்தலாம் சார். ஆனா, மூலைல கொஞ்சம் நின்னுடும். புது ஆயில தண்ணியாக்கிடும்” என்றார்.

வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பார்க்க வேண்டும். மை மாதிரி நைசான சாம்பல்நிறப் பொடி ஒட்டினால் பயமில்லை. அது இயல்பான தேய்மானம். ஊசி ஊசியாக, செதில் செதிலாக இரும்புத் துண்டு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆயில் மாற்றிப் பயனில்லை, பிரித்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வண்டியில் பொடிதான் வந்தது. ஆனால், சக்கரத்தைச் சுற்றும்போது ஒரு பேரிங் கரகரவென்றது. துரு பிடித்திருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம்.

புது ஆயில் வாங்கும்போது கவனம். எந்தத் தரம் என்பதற்கு வண்டியோடு வந்த கையேடுதான் முதல் சாட்சி. தனி கியர் பாக்ஸ் உள்ள பழைய புல்லட்டுக்குப் பொதுவாக 90-ம் நம்பர் கியர் ஆயில் போடுகிறார்கள். 90 என்றால் 40-ம் நம்பர் என்ஜின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். கியரில் 90 என்பது என்ஜின் ஆயிலில் ஏறக்குறைய 40, 50-க்குச் சமம். டப்பாவில் ஜி.எல்.4, ஜி.எல்.5 என்று போட்டிருக்கும். ஜி.எல்.5-ல் அழுத்தம் தாங்குவதற்கான கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பழைய கியர் பாக்ஸில் வெண்கல புஷ் இருந்தால் அதை இது அரிக்க வாய்ப்புண்டு. ஜி.எல்.4 போதும். கிளட்ச்சும் கியரும் ஒரே ஆயிலில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ‘கெட்டியாக இருந்தால் நல்லது’ என்று கார் ஆயிலை ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கும்.

அளவுக்கு லிட்டர் கணக்கு பார்க்க வேண்டாம். பழைய புல்லட் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு லெவல் போல்ட் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு மெதுவாக ஊற்ற வேண்டும். அந்த ஓட்டையில் ஆயில் கசியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். அடிப் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். கியர் பாக்ஸ் கூடு அலுமினியம். பலம் காட்டி முறுக்கினால் மரை போய்விடும். முதல் 200 கிலோமீட்டர் ஓடியதும் இந்த ஆயிலையும் மாற்றிவிடுங்கள். உள்ளே ஒட்டியிருந்த மிச்ச ஈரமும் துருவும் அதோடு வந்துவிடும். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலையும் மற்ற இரண்டு இடத்து ஆயிலையும் மாற்றிய பிறகுதான் கிக்கர்.

‘விளக்கெண்ணெய் ஊற்றலாமா?’ என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் தப்பில்லை. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போட்டவர்கள் நாம். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கு எண்ணெயின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909-ல் வந்ததுதான். சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் ஆமணக்குக்கென்று ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால், சுத்தமான விளக்கெண்ணெய் நாள்பட நின்றால் காற்றுப் பட்டுப் பிசினாகும். ஓடி ஓடி நிற்கும் வண்டிக்கு அது ஆகாது.

வடித்த பழைய ஆயிலை கிணற்றோரம், வாய்க்கால், எருக்குழி எங்கும் ஊற்றாதீர்கள். அது மட்காது. மண்ணுக்குள் இறங்கினால் வருடக்கணக்கில் நீரைக் கெடுக்கும். கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்கும் மெக்கானிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.

காகித வேலையும் ஒன்று உண்டு. உரிமையாளர் இறந்துவிட்டால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். தாமதமாகியிருந்தாலும் விடாமல் செய்துவிடுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்குப் பதிவை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்கள் வீட்டில் என்ஜின் வேலையைவிட இதற்குத்தான் அதிக நாள் ஆனது. பெயர் மாறி, இன்சூரன்ஸும் எடுத்த பிறகுதான் அண்ணி சாவியைக் கொடுத்தார். “அவங்க இருந்தா, காகிதம் இல்லாம ரோட்டுல எடுக்கவே விட மாட்டாங்க” என்றார். இப்போது அந்த வண்டி காலையில் பால் கேனும் மாலையில் புல்லுக்கட்டுமாக ஊரில் ஓடுகிறது. மாட்டுக்கு வைத்திருந்த பணம் மாட்டுக்கே போனது.

எல்லா வண்டியும் இப்படிப் பிழைக்கும் என்று சொல்ல மாட்டேன். பல் உடைந்து, கூடு வெடித்து, பெட்டி முழுக்கத் துருவாக இருந்தால் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடும். அப்போது மனதைத் தேற்றிக்கொண்டு விற்பதுதான் சரி. ஆனால், அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு விற்க வேண்டும். பார்ப்பதற்கு ஆகும் செலவு ஒரு டப்பா ஆயிலும் ஒரு நாள் பொழுதும்தான்.

கடைசியாக, வண்டியை நிறுத்தும்போது செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இது பவர் டில்லர் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து. சேற்று உழவு ஓட்டிய டில்லரில் அச்சு சீல் வழியாகத் தண்ணீர் ஏறும். உழவு முடிந்ததும் கழுவி ஓரம் கட்டிவிட்டு, அடுத்த பட்டத்தில்தான் நினைக்கிறோம். அந்த ஆறு மாதமும் உள்ளே துரு வேலை செய்கிறது. நெல் விதையை 13 சதவீத ஈரத்துக்குக் காயவைத்த பிறகுதானே மூட்டை கட்டுகிறோம்? அதே கணக்குதான். கடைசி உழவு முடிந்த அன்றே, சூடு ஆறும் முன் பழைய கியர் ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். தேதியை சாக்பீஸால் மட்கார்டில் எழுதி வையுங்கள். அடுத்த பட்டத்துக்கு அது தயாராக நிற்கும்.